பெயரிடுக

ராத்திரி இரண்டு மணிக்கு
யாரையும் கேட்காமல்
தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டன
வீட்டின் ஐந்து ஸ்பீக்கர்களும்.
விடிந்தபோது
ஒன்றுக்கொன்று முகம் தெரியவில்லை.

வட்டக்கானல் இறக்கத்தில் வீடு.
சாவி என்னிடம், பத்திரம் சென்னையில்.
"நாலு மணிக்கு கெஸ்ட் வர்றாங்க பிரகாசி,
எல்லாத்தையும் ஒரு ரீசெட் பண்ணிடுங்க"
என்றார் ஓனர்,
துணியை உதறிக் காயப்போடச் சொல்வதுபோல.

ஸ்டூல் போட்டு ஏறினேன்.
பிளக்கைப் பிடுங்கி
பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே
திரும்பச் செருக வேண்டும்.
இரண்டு கை போதாது.
மோவாயால் அழுத்தினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
ஏழில் கரண்ட் போனது.

பெருமாள்மலைப் பக்கம்
எந்த வாட்டில் மரம் எந்தக் கம்பியில் சாய்ந்ததோ.
வயர்லெஸ் வீடு என்று
வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார் ஓனர்.
வயர் அறுந்த அன்று அவர் இங்கே இருந்ததில்லை.
ஸ்டூல் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு காட்டுமாடு,
நெற்றியில் மஞ்சு படிய,
அதுவும் எதற்கோ காத்திருப்பதுபோல.

கரண்ட் வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து.
ஆரஞ்சு விளக்கு
துடித்துத் துடித்து வெள்ளையாயிற்று.
போனை எடுத்தால்
*இந்தச் செயலி உங்கள் சாதனத்தில் இயங்காது.*
கடைசித் தவணை கட்டிய மாதமே
கிழமாகிப்போன போன்.

நல்லவேளை, முட்டை கொண்டுவந்தான் சவரி.
அவன் போன் புதுசு.
அரை மணி நேரத்துக்கு அது எனக்கு,
இஞ்சி டீ அவனுக்கு என்று பேச்சு.
டீ மூன்றாயிற்று.

நாலு ஸ்பீக்கர் வழிக்கு வந்தன.
மாடியில் இருப்பது மட்டும் வரவில்லை.
அதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது.
அதன்மேல் தப்பில்லை.
அதே ராத்திரி ரௌட்டரும் மாறியிருந்தது.
வாசலில் புதுப் பூட்டு,
இதன் கையில் பழைய சாவி.
நேற்றுவரை குடியிருந்த வீட்டில்
கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறது பாவம்.
"இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்லுக்கா"
என்றான் சவரி.
நான் ரௌட்டருக்குள் போய்
இரண்டு சாவிக்கும் திறக்கிற மாதிரி
பூட்டைக் கொஞ்சம் இளக்கினேன்.
டொய்ங் என்றது மாடி.

அப்புறம்தான் அது கேட்டது:
*இந்த அறைக்குப் பெயரிடுக.*
எல்லாம் அழிந்ததில் பழைய பெயர்களும் போயிருந்தன.
லிவிங் ரூம், டென், பேட்டியோ என்று
பட்டியல் ஒன்று நீட்டியது.
கடைசியில் சின்னதாக, *வேறு.*

பதினொரு வருஷம் பெருக்கித் துடைக்கிற அறைகள்.
ஹாலுக்குக் காட்டுமாட்டு ஜன்னல் என்று போட்டேன்.
கணப்பு இருக்கும் அறைக்குப் புகை.
அடுப்படிக்கு என்ன வைப்பது என்று யோசிப்பதற்குள்
சவரி தன் பெயரையே அடித்துவிட்டான்.
இன்னொன்று வெறும் படுக்கை.
மாடிக்கு
யோசிக்கவே இல்லை:
ஒழுகும் மூலை.

நாலே முக்காலுக்கு வந்தார்கள்,
கோவையிலிருந்து புதுசாய்க் கல்யாணமானவர்கள்.
மாடி அறைதான் வேண்டுமென்றார்கள்.
வாளியை மூலையில் வைத்து
மேலே பழந்துணி போட்டிருந்தேன், சத்தம் வராமலிருக்க.
வெளியே சாரல் பிடித்திருந்தது.
அந்தப் பெண் தன் போனைத் தடவி
தூங்குவதற்கு ஒன்று போட்டாள்.

ஒன்பதரைக்குச் சென்னையிலிருந்து அழைப்பு.
ஓனர் போனில் இப்படி வந்ததாம்:
*ஒழுகும் மூலை: மழைச் சத்தம், எட்டு மணி நேரம்.*

இரண்டு வருஷத்தில் நாலு தடவை சொல்லியிருக்கிறேன்,
ஒரு தடவை படம் எடுத்தும் அனுப்பினேன்.
இன்றைக்குத்தான் கேட்டார்:
"பிரகாசி, அங்கே ஒழுகுதா என்ன?"

மாடிப்படியில் நின்று காது கொடுத்தேன்.
எது ஸ்பீக்கர், எது வாளி
எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"சவுண்டைக் குறைக்கச் சொல்லட்டுமா சார்?"